கட்டிய வீட்டில் உட்கார்ந்த ஞாயிறு

நான் வீடு கட்டுகிறவன். மாயாபந்தரிலும் சுற்றுவட்டாரத்திலும் நான் கட்டிக் கொடுத்த வீடுகளில் இன்றைக்கு எத்தனையோ குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சமாதானமாகித் தூங்குகின்றன. ஆனால் ஐம்பது வயது தாண்டும்வரை அவற்றில் ஒன்றில்கூட நான் நிம்மதியாக உட்கார்ந்தது கிடையாது. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிடுவார்கள். வேட்டி கட்டிக்கொண்டு போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண் நிலைப்படிக்கு மேலே போய்விடும். பூச்சில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரியும். இல்லையென்றால் ஜன்னல் சட்டம் ஒரு நூல் சாய்ந்திருக்கும். வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்போது நான் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பந்தியில் உட்காரச் சொன்னால், அடுத்த சைட்டில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்குச் சென்ட்ரிங் வேலைக்கு வந்தவன் நான். கம்பி கட்டிப் பழகி, பிறகு கொத்து வேலை, பிறகு மேஸ்திரி, பிறகு கான்ட்ராக்டர். குறை கண்டுபிடிக்கிற கண் இருந்தால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும். அந்தக் கண் வீட்டுக்கு வந்த பிறகும் மூடுவதில்லை என்பதுதான் என் மனைவியின் வருத்தம். குழம்பில் உப்பு, பையனின் கையெழுத்து, சுவரில் மாட்டிய சாமி படம், எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கோணல் எனக்குத் தெரியும். "உங்க கண்ணுக்குள்ள ரசமட்டத்த வச்சுத் தச்சுட்டாக போல" என்பாள்.

டீச்சரும் அவர் கணவரும் என்னைத் தேடி வந்தது இரண்டு பேரும் பணி ஓய்வு பெற்ற பிறகு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். டீச்சர் அரசுப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். கணவர் தீவுக்குத் தீவு போகிற போட்களில் இஞ்சின் டிரைவராக இருந்தவர். கல்யாணமானதிலிருந்து குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாக மாறி, கடைசியில் பல வருஷம் பத்துபஸ்தியில் இருந்தார்கள். ஏர்போர்ட் பக்கத்திலேயே இருந்ததால் பிளேன் இறங்குகிற சத்தத்தில் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசிப் பழகிவிட்டோம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். டீச்சர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊர் மாயாபந்தர். அதனால் இங்கேயே ஒரு சரிவில், தென்னைகளுக்கு நடுவே கடல் தெரிகிற மாதிரி இடம் வாங்கியிருந்தார்கள்.

எல்லாம் பேசி முடித்த பிறகு டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார்.

"அண்ணாச்சி, ஞாயித்துக்கெழம நம்ம எடத்துல வேல கெடையாது. கேட்டீங்களா?"

சரி என்று தலையாட்டினேன். இந்தத் தீவில் வேலைக்கு லீவு விடுவது கப்பலும் மழையும்தான். சிமெண்ட் வராவிட்டால் லீவு, வானம் பொத்துக்கொண்டால் லீவு. மற்றபடி கிழமை பார்த்து வேலை செய்தால் கட்டி முடிக்க முடியாது. என்னிடம் வேலை செய்கிற ராஞ்சிப் பக்கத்துப் பழங்குடிப் பெண்கள் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவார்கள். மீதி ஆட்களை வைத்து ஓட்டுவேன். டீச்சரும் நெருக்கடி என்று வந்தால் விட்டுக்கொடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

நெருக்கடி மேல்தளம் போடும்போது வந்தது. சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி எல்லாம் தயார். சிமெண்ட் ஏற்றிய லாரி வழியில் பாராடாங்கில் ஃபெர்ரிக்காகக் காத்துக் கிடந்தது. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று டிரைவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருவழியாக வந்து சேர்ந்தபோது சனிக்கிழமை சாயங்காலம். தென்மேற்கில் மேகம் கருத்துக் கிடந்தது. நான் நேரே டீச்சர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே பேசினேன்.

"டீச்சர், நாளைக்கு ஒரு நாள் மட்டும். விடிஞ்சதும் ஆரம்பிச்சா பொழுது சாயறதுக்குள்ள ஸ்லாப் போட்டு முடிச்சிருவேன். மழை புடிச்சுக்கிட்டா பலகையெல்லாம் ஊறிப் போயிரும், கம்பி துருவேறிரும்."

"வேண்டாம் அண்ணாச்சி. திங்கக்கெழம போடுங்க."

"ஒரு ஞாயிறுதான டீச்சர். சாமி கோவிச்சுக்கவா போறாரு?"

"அவரு கோவிப்பாருன்னு பயந்து சொல்லல. அந்த ஒரு நாள வேல கிட்ட குடுக்க மாட்டோம்னு நானும் அவுகளும் கல்யாணமான புதுசுலயே பேசி வச்சது."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை. "வானத்தையும் பூமியவும் செஞ்ச சாமிக்கே ஆறு நாளுல களைப்பு வந்து உக்காந்துட்டாருன்னு உங்க பைபிள்ல இருக்காம்ல. எனக்கு அப்படி உக்கார வசதியில்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே நாற்காலியில் இருந்த அவர் கணவர் உரக்கச் சிரித்தார். "கேட்டியா நம்ம ஆண்டவரப் பத்தி? தம்பி நல்லா கேக்கான்." டீச்சரும் சிரித்தார். எனக்குத்தான் முகம் கடுகடுவென்று இருந்தது.

மறுநாள் ஞாயிறு முழுக்க வெயில். ஒரு தூறல்கூட இல்லை. வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை விடியற்காலை மிக்சர் மெஷினை இறக்கி வைத்தோம், மழை பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்க விட்டு விட்டுப் பெய்தது. நான் சொன்னதெல்லாம் நடந்தது. பலகைகள் ஊறி உப்பின. கம்பிகள் செம்மண்ணில் புரட்டி எடுத்த மாதிரி ஆயின.

ஒரு மத்தியானம் சைட்டில் தார்ப்பாய் போட்ட கொட்டகைக்குள் சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் வந்தார். கையில் ஃபிளாஸ்க். எனக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு மேலே பார்த்தார்.

"நீங்க சொன்னது சரிதான். ஞாயித்துக்கெழம போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

நான் ஒரு சண்டைக்குத் தயாராக இருந்தேன். கடவுள் காப்பாற்றுவார் என்றோ, இதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்றோ அவர் சொல்லியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் அப்படி எதையும் சொல்லவில்லை.

"பலகைய மாத்தணும்னா மாத்துங்க. கம்பியத் தொடைக்க நானும் வாரேன். எங்க பிடிவாதத்துக்கு நீங்க எதுக்குத் தனியா பாடுபடணும்?"

டீயைக் குடித்தேன். இஞ்சி அதிகம் போட்டிருந்தார். அதற்குள் மழையின் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து, தார்ப்பாய் ஓரத்தில் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்தேன்.

"மழை ஓஞ்சிருச்சு டீச்சர். கெளம்புறேன்."

அவர் ஃபிளாஸ்க்கை மூடாமல் என்னையே பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

"மழை ஓஞ்சிருச்சுன்னேன்."

"அதே வார்த்ததான் அண்ணாச்சி! எங்க வேதத்துலயும் அதே வார்த்ததான் போட்டிருக்கு. ஏழாம் நாள் தேவன் ஓய்ந்திருந்தார்னு. நீங்க அன்னைக்குக் களைப்புன்னு கேட்டீங்கள்லா, நான் அன்னையிலருந்து அதையே யோசிச்சிட்டிருக்கேன். சின்னப் பிள்ளையில ஞாயித்துக்கெழமப் பள்ளிக்கூடத்துல எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தாங்க. வேல செஞ்சாரு, களைச்சாரு, இளைப்பாறினாருன்னு. ஆனா சர்வ வல்லமையுள்ளவருக்குக் களைப்பு எப்படி வரும்?"

நான் படித்தவனில்லை. ஆனால் மழையைப் பார்த்துப் பார்த்து வயிற்றுப்பாட்டை நடத்துகிறவன். "மழை ஓஞ்சா மழைக்குக் களைப்பா டீச்சர்? பெய்ய வேண்டியது பெஞ்சுது. நெறஞ்சுது. நின்னுருச்சு. அம்புட்டுத்தான" என்றேன்.

டீச்சர் தார்ப்பாய் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். கொட்டகைக்கு வெளியே குழியெல்லாம் தண்ணீர் நிரம்பி, மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது.

"நெறஞ்சு நின்னுருச்சு" என்று திருப்பிச் சொன்னார். "இத்தன வருசமா வாசிக்கேன். எனக்கு இது தோணல பாத்தீங்களா? நாமதான் ஓஞ்சு போறோம். அவரு ஓய்ந்தாரு. ஒரே வார்த்தைய வச்சுக் கொழப்பிக்கிட்டோம்."

கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவர் என்னைப் பார்த்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஏதோ வாயில் வந்ததைச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை. சொன்னபடி மறுநாள் வந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ராஞ்சிப் பெண்களோடு சேர்ந்து கம்பியைத் தேய்த்தார். அவர் கணவர் சாக்கைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டு வேலையில் எனக்குச் சலிப்பே வரவில்லை.

மழைக்காலம் முடிந்து பூச்சு, தரை, பெயின்ட் என்று ஒவ்வொன்றாக ஆனது. ஒரு சனிக்கிழமை புது வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். பாஸ்டர் வந்தார், பாட்டுப் பாடினார்கள், எல்லோருக்கும் பிரியாணி. நான் வழக்கம்போல் பின்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தேன். கிளம்புகிற நேரம் டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு மதினியக் கூட்டிட்டு வாங்க. மத்தியானச் சாப்பாடு இங்கதான். சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்."

"எதாச்சும் வேலை பாக்கி இருக்கா டீச்சர்?"

"வேல ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. நான் கட்டிய வீடுகளில் ஒன்றிரண்டுக்குத்தான் அவள் வந்திருக்கிறாள், அதுவும் கூட்டத்தோடு. பட்டுச் சேலையை எடுத்து வைத்துவிட்டு, பிறகு அது அதிகமாகத் தெரியும் என்று சாதாரணச் சேலை கட்டிக்கொண்டாள். நான் சட்டைப் பையில் அளவு டேப்பையும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரையும் போட்டுக்கொண்டேன். அது எனக்குப் பேனா வைத்துக்கொள்கிற மாதிரி.

நாங்கள் போனபோது டீச்சரும் கணவரும் சர்ச்சிலிருந்து வந்து உடை மாற்றியிருந்தார்கள். ஹாலில் பிரம்பு நாற்காலிகள். உட்கார்ந்ததும் எதிரே படுக்கையறைக் கதவின் கொண்டி என் கண்ணில் பட்டது. ஓட்டைக்கு நேராக இல்லை. சாத்தினால் ஒரு தடவை தூக்கி விட்டுத்தான் போட வேண்டும். எழுந்தேன். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்குள் டீச்சரின் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். இஞ்சின் பிடித்த கை, இரும்பு மாதிரி இருந்தது.

"தம்பி, இஞ்சின் ஆஃப். பைட்டோ. ஆராம் ஸே. நிம்மதியா உக்காரு."

"ரெண்டே நிமிசம்ணே. கொண்டி மேல நிக்குது."

"நிக்கட்டும். நேத்து ராத்திரி நாங்க அதத் தூக்கித்தான் போட்டோம். நல்லாத்தான் தூக்கம் வந்தது."

உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன், ஆனால் நாற்காலி நுனியில்தான். கால் ஆடிக்கொண்டே இருந்தது. என் மனைவி அதைவிடப் பாவம். சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். டீச்சர் அவள் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் அப்படியே வைத்தார்.

"கெடக்கட்டும் மதினி. காலைல பாத்துக்கிடலாம்."

"எச்சித் தட்ட எப்படிங்க அப்பிடியே போடுறது?"

"ஒரு நாளைக்குத்தான. மீன் கொழம்பு நேத்தே வச்சது. சோறு மட்டும் காலையில. இன்னைக்கு நானும் ஒண்ணும் செய்யல, நீங்களும் ஒண்ணும் செய்யக் கூடாது."

பாத்திரம் கழுவாத சமையலறையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் மனைவி உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். விரல்களை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் என்னிடம் கேட்டார். "அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுங்க. நீங்க கட்டுன வீடுதான. இங்க உக்காந்து பாத்தா எது நல்லாருக்கு?"

சுற்றிலும் பார்த்தேன். கொண்டி தெரிந்தது. ஃபேன் கொக்கிக்குப் பக்கத்தில் பெயின்ட் திட்டாக இருந்தது தெரிந்தது. நல்லது என்று ஒன்றும் சட்டென்று வாயில் வரவில்லை. நன்றாகக் கட்டிய சுவரைக் கண் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறது. "பரவால்ல டீச்சர், வேலை சுத்தமாத்தான் இருக்கு" என்று இழுத்தேன்.

"அவரு ஒவ்வொண்ணா செஞ்சு முடிச்சு, நல்லதுன்னு கண்டார்னு எழுதியிருக்கு. வெளிச்சம் நல்லது, கடல் நல்லது, மரம் நல்லது. கடைசியில எல்லாம் சேந்து ரொம்ப நல்லது. அதுக்குப் பெறகுதான் ஓய்ந்தாரு. நல்லதுன்னு பாக்கத் தெரியாதவன் உக்கார முடியாது போலன்னு இப்பம் தோணுது, உங்களப் பாத்தா."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அப்போது என் மனைவி, எங்கள் பேச்சைக் கேட்காதவள் போலச் சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஜன்னல ஏங்க எறக்கி வச்சிருக்கீக?"

சமையலறை ஜன்னலை நான் வழக்கத்தைவிட இறக்கி வைத்திருந்தேன். வரைபடத்தில் அப்படி இல்லை. கொத்தனாரிடம் சண்டை போட்டு இறக்கியது. முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குகிறவர்களுக்கும் கடல்காற்று மேலே படட்டும் என்று வைத்தேன். டீச்சருக்கு முட்டுவலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது என்று கம்பி தேய்த்த நாளில் தெரிந்துகொண்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"அதான் தட்டு வைக்கப் போனப்பக் குளுகுளுன்னு இருந்துச்சு" என்றாள் அவள். "இம்புட்டு வருசம் கூட இருந்தும், நீங்க இப்பிடியெல்லாம் யோசிச்சுத்தான் வீடு கட்டுறீகன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

டீச்சர் எழுந்து போய் அந்த ஜன்னலுக்குக் கீழே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். உள்ளிருந்தே கத்தினார், "ஏங்க, இங்க வாங்க, கடல் தெரியுது!" அவர் கணவர் போனார். இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், சின்னப் பிள்ளைகள் மாதிரி.

பிறகு பேச்சு நின்றுபோனது. வெளியே ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. காற்று மட்டும் சமையலறை வழியாக வந்து ஹாலைத் தாண்டி முன் கதவால் வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து நாற்காலியிலிருந்து மெல்லிய குறட்டை கேட்டது. என் மனைவி தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். காய்ச்சல் வந்தால்கூடப் பகலில் கண் மூடாதவள். வேறு ஒருவர் வீட்டில், வாயை லேசாகத் திறந்துகொண்டு, கைகளை மடியில் போட்டபடி தூங்கினாள். டீச்சர் ஒரு தலையணையைக் கொண்டுவந்து அவள் கழுத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் அவளைப் பார்த்தேன். பிறகு அவளுக்கு மேலே இருந்த தளத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்து, துடைத்து, மறுபடியும் சரி செய்து போட்ட தளம். அதற்குக் கீழே ஒரு ஆள் பயமில்லாமல் தூங்குகிறாள். இதற்குத்தானே கட்டினோம் என்று நினைத்தேன். கால் ஆடுவது எப்போது நின்றது என்று தெரியாது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தேன்.

அவள் விழித்துக்கொண்டபோது வெட்கப்பட்டாள். டீச்சர் பக்கத்து வீட்டிலிருந்து வந்த இளநீரை வெட்டிக் கொடுத்தார். அப்போது நான் மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"டீச்சர், அவருக்கு வேலை முடிஞ்சுது, ஓஞ்சாரு. நமக்கு எங்க முடியுது? நாளைக்கு எனக்கு ரெண்டு சைட்டு நிக்குது. முடிச்சுட்டுத்தான் உக்காரணும்னா நான் செத்தப்புறந்தான் உக்காரணும்."

"அது சரியான கேள்விதான்" என்றார் டீச்சர். அவர் கணவர்தான் இளநீரைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, கப்பல்ல இஞ்சின் ரூம்ல வேல முடிஞ்சதுன்னு ஒரு நாளும் கெடையாது. எங்கயாவது ஆயில் ஒழுகிட்டேதான் இருக்கும். ஆனா படகுத்துறை வந்துட்டா கயித்தப் போட்டு இஞ்சின நிறுத்திரணும். பழுதெல்லாம் முடிஞ்சாத்தான் நிறுத்துவேன்னு நின்னா ஆளுக எறங்க முடியாதுல்லா?" சிரித்தார். "இன்னொண்ணு கேளு. மனுசன ஆறாம் நாள் கடைசியிலதான் உண்டாக்கினாரு. அப்போ அவனுக்கு மொத நாள் எது? ஏழாம் நாள். டியூட்டியில சேந்த மொத நாளே லீவு! ஒரு செடிக்குக்கூட அவன் தண்ணி ஊத்தியிருக்க மாட்டான். நான் சர்வீஸ்ல சேந்தப்போ மூணு மாசத்துக்கு லீவே கெடையாதுன்னுட்டாங்க."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. வேலை செய்தால்தான் உட்கார உரிமை என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்தவன் நான். எதுவுமே செய்யாத ஒருத்தனை அழைத்துவந்து, இதெல்லாம் உனக்குத்தான், முதலில் உட்கார்ந்து பார் என்று ஒரு சாமி சொல்லியிருக்கும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்கள் குலசாமி முன்னால் நான் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருந்ததில்லை.

பொழுது சாய்ந்ததும் கிளம்பினோம். வாசல்வரை வந்த டீச்சர் சொன்னார். "மத்த ஆறு நாளுக்கும் சாயங்காலம் ஆச்சு, விடிஞ்சுதுன்னு முடிச்சிருக்கு. ஏழாம் நாளுக்கு மட்டும் அப்படி ஒரு வரி கெடையாது. ஏன்னு எனக்குத் தெரியல. அந்த நாள் இன்னும் முடியலன்னு நெனச்சுக்கிடுதேன். அது ஞாயிறா சனியான்னு சபைக்குச் சபை சண்ட போடட்டும். நீங்க எப்பம் வேணும்னாலும் வாங்க."

வீட்டுக்கு நடந்து வந்தோம். என் மனைவி வழியில் பேசிக்கொண்டே வந்தாள். எங்கள் வீடு கான்ட்ராக்டர் வீடு. பின் சுவர் இன்றுவரை பூசவில்லை. மாடிக்கு என்று விட்ட கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. ஊரான் வீடெல்லாம் முடியும், நம் வீடு முடியாது என்று அவள் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள். அன்றைக்கும் அதைத்தான் எடுக்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"நம்ம வீட்டுல காத்து எந்தப் பக்கமா வருதுன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். "போயி ரெண்டு பேரும் செத்த நேரம் உக்காந்து பாப்பமா?"

போய், பூசாத சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். மேற்கிலிருந்து வந்தது காற்று. நாங்களே எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாக வந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பு எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு நான் மாறிவிட்டேன் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். இன்னும் விரிசல்தான் முதலில் தெரிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை வைப்பதில்லை. மற்ற கான்ட்ராக்டர்கள் என்னை மதம் மாறிவிட்டதாகக் கேலி செய்தார்கள். நான் வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போகிறவன், இன்றும் போகிறேன். ராஞ்சிப் பெண்கள் மட்டும் ஒரு கிறிஸ்துமஸுக்கு எனக்கு அரிசிமாவுப் பலகாரம் செய்து கொண்டுவந்து கொடுத்தார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சில ஞாயிறுகளில் நானும் மனைவியும் டீச்சர் வீட்டுக்குப் போவோம். மற்ற ஞாயிறுகளில் எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் வந்திருக்கிறது. நான் கட்டிய பழைய வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். போன மாதம் ஒரு வங்காளிக்காரர் வீட்டுக்குப் போனேன். நான் கான்ட்ராக்டராக ஆன புதிதில் கட்டியது. என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"க்யா ஹுவா தாதா? கர் மே கோயி கட்பட் ஹை க்யா?" என்ன அண்ணா, வீட்டில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"கட்பட் குச் நஹி தாதா. ஐஸே ஹி பைட்னே ஆயா" என்றேன். சும்மா உட்கார வந்தேன் என்றதும் அவருக்கு இன்னும் சந்தேகம் கூடியது. நாற்காலியை எடுத்துப் போட்டு, எதிரே நின்றுகொண்டே இருந்தார். அவர் மனைவி டீ கொண்டுவந்தாள். நான் உட்கார்ந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். சிவப்புக் காவித் தரை, வருஷக்கணக்கில் கால் பட்டுப் பட்டு, பெயின்ட் கடையில் கிடைக்காத ஒரு மினுமினுப்போடு இருந்தது. மூலையில் ஒரு பெண் குழந்தை அதன்மேல் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் ஒட்டவைத்துக்கொண்டு, ஏதோ படம் வரைந்துகொண்டிருந்தது. அவருடைய பேத்தியாம். மத்தியானம் பூராவும் அங்கேதான் கிடப்பாளாம், தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்று.

"ஃபர்ஷ் அச்சா பனாயா ஆப்னே" என்றார் அவர், தரை நன்றாகப் போட்டிருக்கிறீர்கள் என்று.

இந்தப் பாராட்டுக்கு முன்பெல்லாம் என்னிடம் தயாராக ஒரு பதில் இருக்கும், அந்த ஓரத்தில் கொஞ்சம் பள்ளம் விழுந்துவிட்டது என்று. அன்றைக்கு அது வாயில் வரவில்லை. "ஹா தாதா, அச்சா பனா ஹை" என்றேன், ஆமாம், நன்றாகத்தான் அமைந்திருக்கிறது என்று. அவரும் ஒருவழியாக எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். டீயில் ஏலக்காய் போட்டிருந்தார்கள். இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.